சுற்றாத பொட்டலம்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையில் இருமல் மருந்துக்காக நின்றேன். பக்கத்தில் ஒரு இளைஞன், மிட்டாய் எடுப்பதுபோல ஆணுறைப் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தான். கடைக்காரப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கைதான், பழக்கதோஷம், பழைய பேப்பரைத் தேடியது.

சிரிக்காதீர்கள். பத்தாவது முடித்து ஒரத்தநாட்டில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தபோது நான் கற்றுக்கொண்ட முதல் வேலையே பேப்பர் சுற்றுவதுதான். நாப்கினோ ஆணுறையோ, பேப்பரில் சுற்றி நூல் கட்டித்தான் கைமாறும். சோறு பிசையும்போதுகூட விரலில் அச்சு மை வாசனை அடிக்கும். நான் முன்னால் நின்றால், ஆணுறை வாங்க வந்த ஆண்கள் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு வெட்கம். எனக்கு அதைவிட.

எங்கள் தெரு லூர்து அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தது. வீட்டுக்காரர் நெல் லாரி ஓட்டுகிறவர். ஊருக்கு எப்போதாவதுதான் வருவார்.

“டெஸ்ட் எடுத்தாங்கடி. அவருக்கு எச்ஐவி இருக்கு. எனக்கு இல்ல. வராமப் பாத்துக்கன்னு ஆஸ்பத்திரில காண்டம் குடுத்தாங்க. தீந்துபோச்சு. ஒங்க மொதலாளிகிட்ட எப்படிடி கேக்குறது?”

முதலாளி ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முன்வரிசை. மெதுவாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். அக்கா நாப்கின் கேட்கும். நான் ஆணுறையைச் சுற்றிக் கொடுப்பேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நடவு சமயம். டீ வாங்கப் போன நான் திரும்பி வந்தால், கடை நிறைய ஆட்கள். நடுவில் அக்கா, கையில் பிரித்த பொட்டலம். நான் உள்ளே இருப்பதாக நினைத்து அக்கா நாப்கின் கேட்க, முதலாளியே எடுத்துச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். உள்ளே நிஜமான நாப்கின்.

“பிரிச்சதத் திருப்பி வாங்க மாட்டோம்மா. இதுல என்ன கொறச்சல், சொல்லு?”

அக்காவின் வீட்டுக்காரர் அன்று காலைதான் ஊருக்கு வந்திருந்தார். விடிந்தால் லாரி ஏறிவிடுவார். அக்கா என்னைப் பார்த்தது. நான் டீ டம்ளர்களை மேசையில் அடுக்க ஆரம்பித்தேன்.

“இது இல்லண்ணே,” என்றது அக்கா. “காண்டம் குடுங்க.”

மருந்துச் சீட்டை நீட்டிய ஒரு கை அப்படியே நின்றது.

“ஏம்மா, ஒரு பொம்பள வந்து கேக்குறதா இது? வீட்டுக்காரர வரச் சொல்லு.”

“அவருக்கு வெக்கமா இருக்காம்ண்ணே. உசுரு என்னுதுல்ல? குடுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி என் பக்கம் தலையை ஆட்டினார். பாக்கெட்டை எடுத்தேன். கூடவே பேப்பரையும்.

“சுத்தாதடி. இனிமே எதுக்கு?”

அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவே நடந்து போனது.

அந்தக் கடை இப்போது செல்போன் கடை. முதலாளி இல்லை. பேப்பரும் நூலும் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் தினம் மாத்திரை போட்டுக்கொண்டு, லாரியை விட்டுவிட்டு ஊரோடு இருக்கிறார். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிறகு அக்கா எனக்குப் போன் செய்யும்.

“இல்லடி.”

“சரிக்கா,” என்று வைத்துவிடுவேன். எனக்கு வேறென்ன பேச வரும்?