பதில் வராத முப்பது நாள்

நீங்கள் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் உரிமையை யாருக்குக் கொடுத்தீர்கள்?

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் கணிதம் கற்பிக்கும் லோஜினி இந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்வார். பாடசாலை விட்ட பிறகு அவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணினி இயங்குதளத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் அவரும் ஒருவர். பைதன் என்ற நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு காலாவதியானபோது, அதை நம்பி ஓடும் பழைய நிரல்களை நீக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பழைய பதிப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. வைத்திருப்பது ஆபத்து. நீக்கியது சரிதான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேட்ட முறையைப் பாருங்கள். யாராவது பாவிக்கிறீர்களா என்று இணையத்தில், ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல். முப்பது நாள் பதில் இல்லையென்றால், பாவிப்பவர் இல்லை என்று முடிவு.

மழையளவைப் படித்து மணியடிக்கும் சிறு நிரல் ஒன்றுக்குப் பதில் வரவில்லை. எழுதியவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. லோஜினி அதை நீக்கினார்.

அவருடைய அத்தை மீனம்மா தேயிலைக் கொழுந்து பறித்த மலையில் ஒரு தொண்டு நிறுவனம் வைத்துவிட்டுப் போன எச்சரிக்கை மணி, அந்த நிரலில்தான் ஓடியது. அது லோஜினிக்குத் தெரியாது. தோட்டத்தாருக்குத் தெரிந்தது மணி மட்டும். அது அடிக்காமல் யாரும் மலையை விட்டு இறங்கக் கூடாது என்பது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கின் உத்தரவு.

மே மாதம் ஹட்டனிலிருந்து ஒருவர் வந்து, மணியை இயக்கிய தோட்ட அலுவலகக் கணினியைப் புதுப்பித்தார். அதோடு பழைய நிரல் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஒக்டோபரில் ஒரு பகல், கொட்டும் மழையில், மேலே மண் வெடித்திருப்பதைக் கூட வேலை செய்த பூரணி கண்டாள். மற்றப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். மீனம்மா நின்றார்.

"வாங்கக்கா, போயிருவோம்."

"மணி அடிக்கலையே புள்ள. போன தடவ நீ சொல்லி எறங்கி, ஏச்சு வாங்குனது நானு. நீ போ, அடிச்சா வாரேன்."

மலைதான் இறங்கியது.

அத்தையின் கருமாதி முடிந்த பின் லோஜினி தோட்ட அலுவலகக் கணினியில் தேடினார். அந்த நிரலின் கடைசிக் குறிப்பு ஒரே வரி: பாவனையாளர் எவருமில்லை, நீக்கியவர் லோஜினி.

பேய் என்று ஒன்று இல்லை. ஆனால் வகுப்பறைத் தகரத்தில் மழை விழுந்தால் அவர் பாதிக் கணக்கில் நின்று, மணி அடிக்கிறதா என்று காது கொடுக்கிறார். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள், அவரோடு சேர்ந்து காது கொடுக்கிறார்கள்.

கொன்றது கண்டாக்கின் உத்தரவு, நீங்கள் இல்லை என்று நான் வாதாடினேன்.

"கண்டாக்கு அவுங்கள கேக்கவே இல்ல. நான் அவுங்களுக்கு வெளங்காத பாஷையில கேட்டேன். இதுல என்னங்க பெரிய வித்தியாசம்?" என்றார்.

இப்போது எதையும் நீக்குவதற்கு முன், வலப்பனை முதல் கினிகத்தேனை வரை கடைச் சுவர்களில், இதை யாராவது பாவிக்கிறீர்களா என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுத் தாள் ஒட்டுகிறார். உங்கள் தோட்ட அலுவலகத்தில், மருந்தகத்தில், மூலையில் ஓடும் கணினி எதுவானாலும் அதில் என்ன ஓடுகிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். தெரிந்ததை அந்தத் தாளின் அடியில் எழுதிவையுங்கள்.