நடக்காத கண்காட்சிக்கு ஒரு விமர்சனம்

நேற்று எங்கள் குடியிருப்பின் இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசனை மாடிவரை ஏறி வந்தது. எனக்கு அந்த வாசனை என்றால் எங்களூர்க் கோட்டைமேடுதான், யூசுப்பின் மாடி அறைதான்.

தொண்ணூறுகளில் நான் பகலெல்லாம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப் அடிப்பேன். சாயங்காலமானால் கலை விமர்சகன். ஒரு சிறுபத்திரிகையில், எனக்கே பாதி புரியாத தமிழில் எழுதுவேன். யூசுப் தன் அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டே படம் வரைந்தவன். வரைந்ததெல்லாம் அவன் தெருவைத்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வானத்துக்கே இடமிருக்காது. 'நெருக்கத்தின் அழகியல்' என்று எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்க, எங்க தெருவுல எடமில்லீங்க. அதுக்குப் போயி இத்தன பெரிய பேரா?"

எத்தனை சிநேகமானாலும் எங்களூரில் 'ங்க' மட்டும் உதிராது.

பிறகு ஊரில் இந்து-முஸ்லிம் கலவரம் வந்தது. அதன்பின் குண்டுகள் வெடித்தன. யூசுப்பின் படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்கெனவே பேசி வைத்திருந்த மண்டபக்காரரைப் பார்க்க இருவரும் போனோம். அவர் கெட்டவரில்லை, காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"படமெல்லாம் அருமைங்க தம்பி. பேர மட்டும் வேற போட்டுக்கலாமுங்களா? காலம் கெட்டுக் கெடக்குது பாருங்க."

யூசுப் காப்பியைக் குடித்து முடித்தான். "பேர மாத்துனா தெருவையும் மாத்தோணுமுங்களே" என்று எழுந்துகொண்டான்.

அந்த வாரமே அவன் அறையில் உட்கார்ந்து, சுவரில் சாய்த்திருந்த படங்களைப் பார்த்து, நடக்காத கண்காட்சிக்கு விமர்சனம் எழுதினேன். ஆசிரியர் தயங்கினார், ஆனாலும் யூசுப்பின் பெயரைத் தலைப்பிலேயே போட்டார். அதைப் படித்துவிட்டுத் தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி விசாரித்துக்கொண்டு என் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அந்தப் படமெல்லாம் எங்கீங்க பாக்கறது?"

சந்தோஷமாக அழைத்துப்போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வியாபாரம் படுத்துவிட்டதால் குடும்பத்தோடு பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். என்னிடம் சொன்னால் அழுதுவிடுவோமென்று பயந்தானோ என்னவோ.

பல வருஷம் கழித்து அவனைத் தேடிப்பிடித்தேன். ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடையில் இருந்தான். படங்களைப் பற்றிக் கேட்டேன். "ஊடு மாறயில எல்லாம் போயிருச்சுங்க" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அவன் வரைவதையும் விட்டிருந்தான்.

அந்தத் தெருவின் பழைய வீடுகளும் இன்று இல்லை. அப்படி ஓவியங்கள் இருந்தன என்பதற்கு என் கட்டுரை ஒன்றுதான் மிச்சம். நேற்று எடுத்துப் படித்தேன். ஒரு படத்தைப் பற்றி 'பச்சைக் கதவு' என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பச்சை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.