பேர் சொல்லாத பெண்

என் மனைவி ருக்மணிக்கு வாய் கொஞ்சம் நீளம். பாகலூர் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அவள்தான் நர்ஸம்மா. தமிழில் அதட்டுவாள், கன்னடத்தில் கொஞ்சுவாள், தெலுங்கில் திட்டுவாள். ஊசிக்குப் பயந்து கேழ்வரகுக் கொல்லையில் ஒளிந்த பிள்ளையைக்கூடத் தேடிப் பிடித்து இழுத்து வருவாள். அவளை எதிர்த்துப் பேச எனக்கேது தைரியம்? சைக்கிள் கடை உண்டு, நானுண்டு என்று இருந்தேன்.

தொண்ணூற்று நாலில் கிருஷ்ணகிரியில் அவளுக்கு ஒரு பயிற்சி. கருத்தடை மாத்திரையையே கூடுதலாக, இரண்டு வேளையாக, உறவு கொண்ட மூன்று நாளைக்குள் கொடுத்தால் கரு உண்டாகாமல் தடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தாராம். வீட்டுக்கு வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது வெளிய தெரிஞ்சா கம்பெனிப் பொண்ணுங்க கெட்டுக் குட்டிச்சுவராப் போயிடும். நான் வாயத் தொறக்க மாட்டேன்!"

ஒரு தடுப்பூசி நாளில் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு நானும் நின்றிருந்தேன். ஷிப்ட் முடிந்த கையோடு முனிலட்சுமி என்று ஒரு பெண் வந்தாள். ஊருக்குப் புதுசு.

"அக்கா, நேத்து ராத்திரி... கரு நிக்காம மாத்திர இருக்குதாமே?"

ருக்மணி அவள் கழுத்தைப் பார்த்தாள், கால் விரலைப் பார்த்தாள். தாலியும் இல்லை, மெட்டியும் இல்லை.

"வீட்டுக்காரர் பேரு?"

அவள் நெளிந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா, அது வந்து..."

"வரவும் வேணாம், போவவும் வேணாம். கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் மாத்திர. கெளம்பு."

ஊசிக்கு வந்திருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். அவள் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் கர்ப்பிணிப் பதிவுக்கு அதே பெண் வந்து நின்றாள். கழுத்தில் தாலி, இடுப்பில் கைக்குழந்தை, கூடவே புருஷன். ருக்மணி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவன்தான் பதில் சொன்னான். "ஆஞ்சப்பனுங்க."

"புருசன் பேர வாயால எப்பிடிக்கா சொல்றது?" என்றாள் முனிலட்சுமி. "மெஷின்ல மாட்டிக்கும்னு தாலி, மெட்டி எல்லாம் கழட்டச் சொல்றாங்க கம்பெனியில."

முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்குள் இன்னொன்று தங்கினால் உள்தையல் விட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று பெரியாஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்களாம். அதற்குத்தான் அன்றைக்கு ஓடி வந்திருக்கிறாள், பாவம்.

அன்று ருக்மணி சோற்றைத் தொடவில்லை. "பாவி நான்! தெரிஞ்சு வெச்சிக்கிட்டே குடுக்காம தொரத்துனேனே. அந்த உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. தேற்றுகிறேன் பேர்வழி என்று, "கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு நெனச்சுத்தானே அனுப்பிட்ட?" என்றேன்.

"ஆகாதவளா இருந்தா மட்டும் அனுப்பிடலாமா?" என்று சீறினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "இவளாச்சும் புருசனோட திரும்பி வந்தா. இவளுக்கு முன்னாடி ஒருத்தியத் தொரத்துனேன்யா. நெசமாவே கல்யாணம் ஆகாத பொண்ணு. அப்புறம் அவ வரவே இல்ல. எங்கன்னு போய்த் தேடுவேன்? அவ பேரக்கூட நான் கேக்கலியே!"