மூன்று பேனலும் பார்வதம்மாவும்

ஜெயசீலிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கோலார் தங்கவயல் ஊரிகத்தில் சொல்வார்கள். அது தவறு. மூக்கு நுனிவரை வந்து நிற்கிற பொறுமையெல்லாம் அவளுடைய கோபத்துக்குக் கிடையாது. பதினேழு வருஷம் விடியற்கால ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போனவள். அங்கே வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடுகிற ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "என் வெப்சைட் ஏன் திறக்கல" என்று கத்துகிறவர்களிடம் குழைந்து குழைந்து பேசினவள். வீட்டோடு வேலை என்று ஆன பிறகு அந்தப் பதினேழு வருஷத்துக்கும் சேர்த்து அவள் குழைவதை நிறுத்திவிட்டாள்.

நாற்பத்துமூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவளுடையது; அதன் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு இன்வெர்ட்டர். இவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்தில் அவள் உயிரை வைத்திருந்தது சுரங்கத் தொழிலாளர் குடும்பச் சங்கத்தின் வெப்சைட் மேல். லைன் வீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள அலைகிற குடும்பங்கள் அங்கே நிறைய. அப்பாவோ தாத்தாவோ சுரங்கத்தில் வேலை பார்த்ததற்கான சர்வீஸ் பேப்பரைக் காட்டினால்தான் எந்த மனுவும் நகரும். அந்தப் பேப்பர்களோ டிரங்குப் பெட்டியில் கரையான் அரித்துக்கொண்டும், ஒழுகுகிற கூரைக்கடியில் ஊறிக்கொண்டும் கிடந்தன. ஜெயசீலி ஆறு வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய், மூவாயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் பேப்பர்களைத் தன் கையால் ஸ்கேன் செய்து ஏற்றினாள். அவை மும்பையில் ஒரு வாடகை சர்வரில் இருந்தன. ஒரு பெரிய எந்திரத்தைப் பல பேருக்கு அறை அறையாகத் தடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு தடுப்பு இவர்களுடையது. அதற்குள் என்ன செய்ய வேண்டுமானாலும் கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். தட்டத் தெரிந்தவள் ஜெயசீலி ஒருத்திதான். அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் மறைத்ததே இல்லை.

போன ஜூனில் கர்ப்பப்பைக் கட்டிக்காக அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாளே, யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் தானாக எழுதிக்கொள்கிற பழைய குறிப்புகள் குவிந்து இடம் நிரம்பி, சைட் படுத்துவிட்டது. சரியாக அந்த வாரம்தான் அடுத்த வீட்டுப் பார்வதம்மாவுக்குக் கோலாரில் வீட்டு மனு விசாரணை. அவருடைய கணவர் சின்னசாமியின் பேப்பர் அந்த சைட்டில்தான் இருந்தது. அசல் எப்போதோ மண்ணாகிவிட்டது. பார்வதம்மா வெறுங்கையோடு போனார். நாலு மாதம் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள். அந்த நாலு மாதத்துக்குள் கொழுந்தனார் மகன் புகுந்து, வீடு தனக்கும் சேர்ந்தது என்றும், சங்கம் காட்டுகிற பேப்பரே போலி என்றும் ஒரு மனுவைப் போட்டான். "பிரிண்ட் வேண்டாம். ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டு நானே சைட்டைத் திறந்து பார்க்கிறேன். அன்றைக்குத் திறக்கவில்லை என்றால் அவ்வளவுதான்" என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர் குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. ஜெயசீலிக்கு இரண்டாவது ஆபரேஷன் அதற்கு முந்தின நாள்.

அந்த வியாழனுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் சங்கத்துச் செயலாளர் சாம்ராஜ் அவளைச் சங்க ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"சீலி, கோச்சுக்காத. நீ இல்லாதப்ப யாராவது பாத்துக்கற மாரி ஒரு வழி வேணும்ல? பேனல்னு ஒண்ணு கீதாம். அதப் போட்டுட்டா யாரு வேணாலும் பாத்துக்கலாமாம். ரூபேஷ் சொல்றான்."

"யாரு வேணாலும்னா? ரோட்டுல போறவனா அங்கிள்?"

துணைச் செயலாளர் ரூபேஷ் முப்பது வயதுக்காரன், பெங்களூரில் எதையோ விற்கிற வேலையில் இருந்தான். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, சிம்பிள் அக்கா. எல்லாமே ஒன் க்ளிக். கமாண்டு கிமாண்டு ஒண்ணும் பேடா, ஒண்ணும் வேணாம். கமிட்டி மெம்பர் எட்டு பேருக்கும் லாகின் கொடுத்துர்லாம்."

"ஆறு வருஷமா நான் ஓட்டினது இன்னா, பொம்ம வண்டியா?"

"அப்படி யாரு சொன்னா? போன தபா நீ இல்லாதப்ப..." என்று சாம்ராஜ் இழுத்தார்.

"வயித்தக் கிழிச்சுப் போட்டு வெச்சிருந்தாங்க அங்கிள்! ஊர் சுத்தவா போனேன்?"

சாம்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கதவை அறைந்துவிட்டு வந்தாள். தன்னை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பற்றி எரிந்தது. ஆனால் சங்கத்தின் முடிவு முடிவுதான். ஏதாவது ஒரு பேனலைப் போட்டாக வேண்டும்.

ரூபேஷ் காட்டியதையே முதலில் போட்டாள், அது விழுந்து நாறட்டும் என்ற நல்லெண்ணத்தோடு. அது உள்ளே வந்த மறு நிமிஷமே சர்வரின் பாதி மெமரியைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. நூற்றைம்பது படம் போட்ட பட்டன்கள். அதில் நூற்று நாற்பது இவர்கள் பிறவியில் தொடப்போவதில்லை. எட்டுப் பேருக்கும் லாகின் திறந்து, அவரவர் பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுரங்கம் ஓடின காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஷிப்டுக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். சம்பளம், ரேஷன், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அந்த நம்பரில். வீட்டுக் குழந்தைகள் அதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். ஜெயசீலி சாம்ராஜின் பெயரைப் போட்டு, அவருடைய அப்பாவின் நம்பரைத் தட்டினாள். திறந்தது. அடுத்தவருக்கு அவருடைய அப்பாவின் நம்பர். திறந்தது. பத்து நிமிஷத்தில் எட்டுக்கு ஏழு கதவு திறந்துவிட்டது. ரூபேஷ் தன் தாத்தாவின் நம்பரை வைத்திருந்தான்.

போனை எடுத்தாள்.

"அங்கிள், உங்க பாஸ்வேர்டு உங்க அப்பா நம்பர்தான?"

"உனக்கு எப்படித் தெரியும்?" சாம்ராஜ் பதறிப்போனார்.

"நம்ம சைட்டுலயே கீது அங்கிள்! உங்க அப்பா பேப்பர்ல, வலது பக்கம் மேல, இவ்ளோ பெருசா! உலகத்துக்கே தொறந்து காட்டி, அதையே பூட்டுக்கும் போட்டு வெச்சிருக்கீங்களே, அறிவு கிறிவு இருக்கா உங்களுக்கு?"

"வேற எந்த நம்பர் சீலி எனக்கு ஞாபகம் இருக்கும்? என் கல்யாணத் தேதியே எனக்கு மறந்து போச்சு" என்றார் அவர்.

போனை வைத்தாள். எட்டு லாகினையும் அழித்தாள், அந்தப் பேனலையும் பிடுங்கி எறிந்தாள். இலவசமாகக் கிடைத்த இரண்டாவது ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பார்க்க அழகாக இருந்தது, கேட்காமலே தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, புதுப்பித்த கையோடு சைட்டைச் சாய்த்தது. அதையும் பிடுங்கினாள். இனி பேனலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டாவது தானே பார்த்துக்கொள்வது என்று முடிவு கட்டினாள். அப்போது வெள்ளிக்கிழமை மத்தியானம்.

பார்வதம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அறுபத்திரண்டு வயது. சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வியாழக்கெழம அது தொறக்குமாம்மா?"

"ஏன் ஆண்ட்டி, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? என்மேல நம்பிக்க இல்லன்னா ரூபேஷக் கேளுங்க. ஒன் க்ளிக்ல தொறப்பான்!"

பார்வதம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஊட்டுச் சாவிய எங்கிட்டதான கொடுத்துட்டுப் போன. அந்த வாரம் மூணு நாளு வந்தேன். இந்த நாற்காலியிலதான் ஒக்காந்தேன். அவுரு பேப்பர் இதுக்குள்ளதான் கீதுன்னு தெரியும். எங்க தொட்டா இன்னா ஆயிடுமோன்னு பயம். தொடச்சு வெச்சிட்டுப் போயிட்டேன்."

ஜெயசீலி அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியாததா? ஜூனிலிருந்தே தெரியும். சாம்ராஜ் மேலும் ரூபேஷ் மேலும் பேனல் மேலும் அவள் கொட்டிய கோபமெல்லாம், இந்தப் பெண்மணியின் தேதி போனதற்குத் தான்தான் காரணம் என்ற ஒன்றைக் கேட்காமல் இருப்பதற்காகப் போட்ட கூச்சல். தான் மட்டுமே சாவி வைத்திருக்க வேண்டும் என்ற திமிர். வேறு பெயரே கிடையாது அதற்கு. தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"உங்க போன எடுத்துகினு வாங்க ஆண்ட்டி" என்றாள்.

பட்டியலில் மூன்றாவதாக இருந்ததை அவள் இதுவரை திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. வெகு பழைய பேனல். கவர்ன்மெண்ட் ஆபீஸ் சுவர் மாதிரி ஒரு சாம்பல் நிறம். ஆனால் மெமரியைத் தின்னாது. முக்கியமாக, அதில் நாமே சொந்தமாகப் பட்டன் செய்து, அதன்மேல் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம்; ஒருவருக்கு அந்தப் பட்டனை மட்டும் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். வேறு எதையும் அவர் கெடுக்க முடியாது.

சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இரண்டு பட்டன் செய்தாள். "குப்பையை எடு" என்று ஒன்று. அது சர்வர் எழுதிக் குவித்த பழைய குறிப்புகளை மட்டும் துடைத்து இடம் உண்டாக்கும். "மறுபடி ஓட்டு" என்று இன்னொன்று. பார்வதம்மாவின் போனில் திரை முழுக்க அந்த இரண்டு மட்டும் தெரிந்தன. பாஸ்வேர்டை நாற்பது எழுத்தில் அவளே போட்டுப் போனுக்குள் பூட்டி வைத்தாள். பார்வதம்மா விரலை வைத்தால் போதும். சாம்ராஜிடம் போய், "பேனல் போட்டாச்சு. லாகின் ரெண்டே பேருக்குத்தான். நானு, பார்வதம்மா ஆண்ட்டி" என்றாள். "கமிட்டி?" என்றார் அவர். "கமிட்டிக்கு முதல்ல ஒரு புது நம்பர் மனப்பாடம் ஆகட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை, ஆண்கள் எல்லாம் ரயிலுக்குப் போன பிறகு, பார்வதம்மாவைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இப்ப நான் சைட்ட நிறுத்தப்போறேன். குப்பயும் ரொப்பி வெச்சிருக்கேன். ஜூன்ல ஆன மாரியே. நீங்கதான் ஓட்டணும். நான் வெளிய போய் நிப்பேன், எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

"தப்பா அமுத்திட்டா?"

"எதுவும் ஆவாது. அதுக்குத்தான் மூணு நாளா மண்டைய ஒடச்சுக்கினு கெடந்தேன்."

கட்டளை தட்டினாள். சைட் நின்றது. வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொண்டாள். அரை மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். குடத்தை வைத்துவிட்டு வந்த ஒருத்தி ஏதோ கேட்க, அவளிடமும் சிடுசிடுத்தாள்.

மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"சீலி!"

உள்ளே ஓடினாள். பார்வதம்மாவின் போனில் சின்னசாமியின் சர்வீஸ் பேப்பர் விரிந்திருந்தது. நம்பர், பெயர், சேர்ந்த வருஷம், கட்டைவிரல் ரேகை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பார்வதம்மா அதைப் பார்க்கவில்லை. ஜெயசீலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோதானா?"

"அவ்ளோதான் ஆண்ட்டி."

"ரெண்டு பட்டன்."

"ஆமா ஆண்ட்டி."

"இத மின்னாடியே போட்டிருக்கலாமா? ஜூனுக்கு மின்னாடி?"

ஜெயசீலி பொய் சொல்லியிருக்கலாம். "போட்டிருக்கலாம்" என்றாள்.

பார்வதம்மா எழுந்தார். அவர் முகம் சிவந்து அவள் பார்த்ததில்லை. "ரெண்டு பட்டன்டி! ரெண்டே ரெண்டு பட்டன்! இதுக்கா நான் கோலார் பஸ்ஸுல வெறுங்கையா அழுதுகினு வந்தேன்? இதுக்கா அந்தப் பொறுக்கி என் ஊட்டுக்குள்ள கால வெச்சான்? பெரிய படிப்பு, பெரிய வேலை, யாரும் தொடக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சியே, யாரு ஊட்டுப் பேப்பர்டி அது? உன் ஊட்டுதா?"

லைன் முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஜெயசீலி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"என் தப்புதான் ஆண்ட்டி" என்றாள் கடைசியில்.

"தெரியுது" என்றார் பார்வதம்மா. மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார். "சைட்ட நிறுத்து. இன்னொரு தபா அமுத்திப் பாக்கணும்."