இறைத்த கிணறு

எண்ணெய்த் தாங்கிகளைக் கழற்றிக்கொண்டு போய்ப் பல வருடங்களாகிவிட்டன. கற்பிட்டி வீதியோரத்து அந்த வளவில் இப்போது இருப்பவை எருக்கலையும் ஆடுகளும், நாங்கள் இறக்கிய ஒடுங்கிய குழாய்க் கிணறுகளும்தான். மூன்று மாதத்துக்கொரு தடவை சிலாபத்திலிருந்து பஸ்ஸில் போய், பூட்டைத் திறந்து, கயிற்றில் குவளையை இறக்கி, நிலத்தடி நீரில் எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறதென்று பார்க்க மாதிரி எடுப்பது என் வேலை. பார்ப்பது மட்டும்தான். துப்புரவாக்க வேறு ஆட்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இன்னும் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

பின்மதிலுக்கு அப்பால், அக்கா வயதிருக்கும் ஒரு ராத்தாவின் வீடு. கணவர் மௌத்தான பிறகு, அவர் பேரில் சதக்கா என்ற தருமமாகத் தன் கிணற்றில் மோட்டார் பூட்டி, வீதிப் பக்கமாக ஒரு தண்ணீர்ப் பைப் வைத்திருந்தார். சுற்றிவர எல்லாக் கிணறும் உவர். இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். ஒழுங்கை முழுவதும் கேனும் வாளியுமாக அங்கேதான் நிற்கும். “தண்ணி ஓடுற மட்டும் அவருக்கு நன்மை போய்ச் சேரும், தங்கச்சி” என்பார். வேலை முடிந்தால் எனக்கும் அங்கே ஒரு தேத்தண்ணி நிச்சயம்.

ஒருநாள் அந்தத் தேத்தண்ணியில் மண்ணெண்ணெய் மணந்தது. என் கைதான் மணக்கிறதென்று நினைத்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தும் மணந்தது. சோதனைக்கென்று கிணற்று நீரில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டேன்.

“முடிவு வருமட்டும் இதைக் குடிக்காதீங்க ராத்தா. ஒருத்தருக்கும் குடுக்கவும் வேணாம்.”

ஓம் என்றார். குடிக்காத தண்ணீரை யார் இறைக்கப்போகிறார்கள் என்று நானும் போய்விட்டேன்.

முடிவோடு திரும்பிப் போனபோது மோட்டார்ச் சத்தம் சந்தியிலேயே கேட்டது. ஒழுங்கை நெடுகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்தாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“ஒருத்தருக்கும் குடிக்கக் குடுக்கல்ல, தங்கச்சி. ஊத்தையை இறைச்சு வெளிய விடுறம். எல்லாரும் முறை வச்சு வந்து நிக்கிறாங்க. இறைச்ச கிணறுதானே ஊறும்?”

எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கிணற்றில் நாய் விழுந்தாலும் இறை, வெள்ளம் புகுந்தாலும் இறை. என் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். ஆனால் இந்த ஊத்தை கிணற்றுக்குள் இருக்கவில்லை. அது வளவின் மணலுக்கடியில் இருந்தது. இறைக்க இறைக்க மதிலுக்கு இந்தப் பக்கம் இழுபட்டு வந்துகொண்டிருந்தது.

நானே போய் மோட்டாரை நிற்பாட்டினேன். இருந்ததைச் சொன்னேன். ராத்தா கிணற்றுக் கட்டில் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்ப இறைச்சது மட்டுமில்ல. இவ்வளவு காலமும் நான் குடுத்த தண்ணியும்தான் இதை இழுத்திச்சா?”

இல்லையென்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கே யாராவது திரும்ப மோட்டாரைப் போடுவார்கள்.

“ஓம், ராத்தா.”

“அவர்ட பேரில குடுத்தது” என்று மட்டும் சொன்னார். என் வேலையில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு ஓம்தான் இன்னமும் நெஞ்சில் கிடந்து வருத்துகிறது. உண்மையென்றாலும் அதை என் வாயால் கேட்கவேண்டி வந்ததே அவருக்கு.

போன தடவை மதிலோரக் குழாய்க் கிணற்றில் எடுத்த மாதிரி தெளிவாக இருந்தது. மணம்கூட இல்லை. தொலைபேசியில் சொன்னதும் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி. “அப்ப நிலம் தானாகவே சுகமாகுது” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. அது ராத்தாவின் கிணற்றுக்குள் இருந்தது. வீதிப் பக்கத்துப் பைப்பின் வாயில், பிள்ளைகள் திறக்காமலிருக்கப் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. ஒழுங்கைக்குக் குடிதண்ணீர் இப்போது பவுசர் லொறியில்தான் வந்தது.

பூட்டைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன். மதிலுக்கு மேலால் அவர் குரல் வந்தது.

“தங்கச்சி, தேத்தண்ணி ஊத்தியாச்சு. பயப்பிடாம வந்து குடிங்க, இது பவுசர் தண்ணி.”