நின்ற பிறகு கும்பிடலாம்

நான் விமானம் இறக்கியிருக்கிறேன். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் சுற்றும் பழைய காலத்து விமானம். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்து வீட்டு ஹாலில், மர நாற்காலியில் உட்கார்ந்தபடி இறக்கினேன். கம்ப்யூட்டரில்தானே என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வரும். பிதுக்குகிறவர்கள் ஒரு தடவை இறக்கிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். துரைமார்கள் லீவில் சீமைக்குப் போக டிக்கெட் கேட்டு எழுதும் கடிதமெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். நான் மட்டும் விமான நிலையத்து வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பெரிய துரையின் அறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. முன்னொரு காலத்துத் துரை தொப்பியோடு நிற்பார். அவருக்குப் பின்னால் அந்தப் பழைய விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தரையில் நிற்கும்போதே என்ன திமிர் பார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளில் என் கொழுந்தனார் நீலாயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தார். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும், பழையதை எங்கள் மகள் படிக்கட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார். ஹாலில் பிளக் ஒரே இடத்தில்தான் இருந்தது, சாமி படங்களுக்குக் கீழே. ஆகவே முருகனுக்கு நேர் கீழே மேசையைப் போட்டோம். அதற்குள் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றும் இருந்தது. எந்த விமானம் வேண்டும் என்று கேட்டு அது ஒவ்வொன்றாகக் காட்டியபோது, துரை அறைப் படத்தில் இருந்த அதே விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. அன்று இரவுச் சோறு தாமதமானது.

மேலே ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. இன்ஜினை முழுதாக முடுக்கினால் அது தானாகவே ஏறிவிடும். இறக்குவதில்தான் உயிர் போகும். ஓடுபாதை தெரிந்ததும் மூக்கைக் கீழே அழுத்துவேன். வேகம் கூடி, பாதையைத் தாண்டிப் போய்விடும். பயந்து மூக்கைத் தூக்குவேன். வேகம் செத்து, கல்லாக விழும். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்கும். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர், இன்றைக்கு எத்தனை பேரைக் கொன்றாய் என்று விசாரிப்பார்.

பல வாரம் கழித்துத்தான் சூட்சுமம் பிடிபட்டது. உயரத்தை இன்ஜினால் பார்த்துக்கொள்ள வேண்டும், வேகத்தை மூக்கால் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைச் செய்தாலும் உடனே பலன் தெரியாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் தணித்து என்ன பயன்? அதற்கு முன்பே தணிக்க வேண்டும். அது புரிந்ததும் கை தானாக வந்தது. பட்டனைத் தேட நான் குனிய வேண்டியதில்லை. டைப்பிஸ்டின் விரலுக்கு வழி சொல்லவா வேண்டும்?

கொழுந்தனாருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளை படிக்கக் கொடுத்ததில் அண்ணி விளையாடுகிறார் என்று அவர் வீட்டில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், தெமியாங்கில் தன் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரைக் கேட்கிறார், எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன் என்றார். மகள் அதில் பாடமும் படிக்கிறாள் என்றேன். அவர் பார்வை திரையில் நின்ற என் விமானத்தின் மேல் இருந்தது.

“அண்ணி, இந்தப் பழச யாராலயும் எறக்க முடியாது லா. நானே எத்தனையோ தடவ ஒடச்சிட்டேன்,” என்றார்.

“நான் எறக்குறேன், தம்பி.”

அவர் சிரித்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தார். “சரி. தீபாவளிக்கு வர்றேன். எல்லார் முன்னாலயும் ஒரே ஒரு தடவ எறக்கி நிப்பாட்டுங்க. கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி நான் தூக்கிட்டுப் போயிருவேன்.”

வாய் இருக்கிறதே, அது எனக்கு எப்போதும் கையை விட வேகம். சரி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அதுவரை நான் ஒரு தடவைகூட அதை முழுதாக நிறுத்தியதில்லை. சக்கரம் தரையைத் தொடும். அழகாகத் தொடும். தொட்ட மறு நொடி விமானம் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பி, புல்லில் இறங்கி, இறக்கையை உடைத்துக்கொள்ளும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வாலில் சக்கரம் உள்ள விமானங்களுக்கு அந்தக் குணம் உண்டு. முன்சக்கரம் தொட்ட பிறகும் வால் முன்னால் வரத் துடிக்கும். நிற்கும்வரை சுக்கானை இடமும் வலமும் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் திரும்புகிறது என்பதுதான் தெரியவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று கேட்க வந்த என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கே திரும்பிவிட்டார்.

கண்டுபிடித்தவள் என் மகள். பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தவள், விமானம் புல்லில் போய் விழுந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மா, நீங்க கைய விட்டுட்டு சாமி கும்புடுறீங்க மா.”

நான் நம்பவில்லை. மறுபடி இறக்கினேன். சக்கரம் தொட்டது. என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன. விமானம் தன்பாட்டுக்குப் புல்லுக்குள் போனது.

எங்கள் தோட்டத்து முச்சந்தியில் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. சிரம்பானிலிருந்து வரும் பஸ் அந்த இடத்தில் திரும்பியதும் பஸ்ஸே கும்பிடும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே கும்பிடுவார்கள், தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே கும்பிடுவார்கள். நல்லபடியாக வந்து சேர்ந்தால் கை தானாகக் கூடும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். பஸ்ஸில் அது சரி, அங்கே ஸ்டியரிங் வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

பழக்கத்தை விடுவது சுலபமாக இல்லை. தொடும் வரை நினைவிருக்கும். தொட்டதும் கை எழும்பிவிடும். முருகன் வேறு நேர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரிடமே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். ஓடுபாதை கிட்டே வரும்போதே, “முருகா, நின்னதும் வர்றேன், கொஞ்சம் பொறு,” என்று வாய்விட்டுச் சொன்னேன். சாமியையே காக்க வைக்கிறாயா என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. காக்கட்டும், அவருக்கு என்ன அவசரம் என்றேன். அன்று முதல் முறையாக என் கை இருந்த இடத்தில் இருந்தது. விமானம் கோணல்மாணலாக ஓடினாலும் பாதைக்குள்ளேயே ஓடியது. ஆனால் அடுத்த தடவை மறுபடி கூப்பிவிட்டேன். தீபாவளி வரைக்கும் அப்படியும் இப்படியுமாகத்தான் இருந்தது.

தீபாவளியன்று ஹால் நிறைந்துவிட்டது. கொழுந்தனார் தன் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். கம்ப்யூட்டரை எடுத்துப்போக வேனில் ஒரு காலி அட்டைப்பெட்டியும் இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. முறுக்குச் சுட்ட கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து கீபோர்டுக்கு முன்னால் வைத்தார். புது மோட்டார் சைக்கிளின் சக்கரத்துக்கு முன்னால் வைப்பது போலவே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் உயரமாக வந்துவிட்டேன். அப்படியே இறக்க முயன்றிருந்தால் உடைந்திருக்கும். இன்ஜினை முடுக்கி மறுபடி மேலே ஏறினேன். கொழுந்தனார், அவ்வளவுதான், ஒரு தடவை முடிந்தது என்றார். தரையைத் தொடாதது எப்படித் தம்பி கணக்காகும் என்று திரும்பாமலே கேட்டேன். எது சரிப்படாது என்று தெரிந்து திரும்பிப் போவதும் ஓட்டத் தெரிந்தவள் செய்கிற காரியம்தான். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

வட்டமடித்து மறுபடி வந்தேன். உயரம் சரியாக இருந்தது. வேகமும் சரி. பாதையின் முனை எனக்குக் கீழே நழுவியது. இன்ஜினைத் தணித்தேன், மூக்கை ஒரு பொட்டு தூக்கினேன். முன்சக்கரம் இரண்டும் ஒன்றாகத் தொட்டன. கை இரண்டும் கூடப் பார்த்தன. முருகா, பொறு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இடது தட்டு, வலது தட்டு, மறுபடி இடது. வால் இறங்கியது, மூக்கு மேலே எழும்பி எதிரில் இருந்த பாதையை மறைத்தது. ஓரத்துக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டினேன். வேகம் குறைந்தது. விமானம் பாதையின் நடுவில் நேராக வந்து நின்றது, துரை அறைப் படத்தில் இருந்த அதே திமிரோடு.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கை கூப்பியிருந்தார். மகள் கூப்பியிருந்தாள், ஓரகத்தியும் பிள்ளைகளும் கூப்பியிருந்தார்கள். சக்கரம் தொட்டபோதே எல்லாருக்கும் கை கூடியிருக்கிறது. கொழுந்தனாரும் கண்ணை மூடி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தார். அத்தனை தடவை அவர் ஏன் உடைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த ஹாலில் கும்பிடாதவள் நான் ஒருத்திதான். இன்ஜினை அணைத்தேன். விசிறி இரண்டும் சுற்றி ஓய்ந்த பிறகு, தலையை நிமிர்த்தி முருகனைப் பார்த்து நானும் கும்பிட்டேன்.