காலியாகத் திருப்பாத கிண்ணம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்தைக் குறை சொன்னவர் இல்லை.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் மில் வேலைக்காரர்கள் குடியிருந்த தெருவில் இருந்தோம். விறகுக்கட்டையால் பாம்பை அடித்தவள் நான். குழாயடியில் என்னிடம் வாய்கொடுத்து ஜெயித்தவரும் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்துக்கு நடுவே, நெஞ்சு படபடத்து, கைகால் நடுங்கி, உயிர் போகப்போகிறது என்று தோன்றிவிட்டது. போகவில்லை. ஆனால் அதன்பிறகு வீட்டு கேட்டைத் தாண்டினாலே அதே படபடப்பு. கடைக்குப் போவதை விட்டேன், பிறகு கோயில், பிறகு குழாயடி. என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் எதிராளிதான் எங்கள் கேட்டுக்கு வர வேண்டும் என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஆட்டோ வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். வழி நெடுக நான் கண்ணைத் திறக்கவில்லை.

"நெஞ்சு நல்லா இருக்குதுங்க அம்மா. வெளிய போகத்தான் பயம். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா தூரம் கூட்டுங்க. பயம் வந்தா திரும்பி ஓடாதீங்க. நின்னீங்கன்னா அது தானா எறங்கிரும்."

"எனக்கென்னுங்க பயம்? பித்தமுங்க" என்று சொல்லிவிட்டு வந்து இஞ்சிச் சாறு குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு மாதம் நெருங்கியது. எங்கள் பக்கம் தாய் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய், சம்பந்தி வீட்டில் பந்தி வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். மகள் சொல்லியனுப்பியதை வீட்டுக்காரர் வந்து சொன்னார்: "நீ வந்தாத்தான் அவ வருவாளாமா. இல்லீன்னா அங்கயே பெத்துக்கறாளாமா."

மறுநாள் யாருக்கும் தெரியாமல் டாக்டரம்மா சொன்னதைச் செய்து பார்க்கப் புறப்பட்டேன். நாலு வீடு தாண்டுவதற்குள் கால் நகரவில்லை. அங்கிருந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, இப்படி நிக்கறீங்க?"

பயம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? "கொஞ்சம் குழம்பு இருக்குமான்னு வந்தனுங்க" என்றேன். ஆயுளில் யாரிடமும் ஒரு கரண்டி குழம்பு கேட்டதில்லை நான்.

அவள் உள்ளே போய்க் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் படபடப்பு தானாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா சொன்னது சரியாகிப்போனதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

இனி கிண்ணத்தைத் திருப்ப வேண்டும். அதைக் காலியாகத் திருப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினால் குழம்பு கேட்ட கதை வெளியே வந்துவிடும். மறுநாள் அரிசிம்பருப்புச் சோறு வைத்து, நடுங்கிக்கொண்டே நானே கொண்டுபோனேன். கொடுத்தபோது ஒரு வழி புலப்பட்டது. ஒவ்வொரு தடவையும் இன்னும் தள்ளி ஒரு வீட்டில் போய்க் குழம்பு கேட்டேன். கேட்டுவிட்டால் திரும்பப் போயே ஆக வேண்டும்.

ஒரு நாள் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "நான் சம்பாரிக்கறது பத்தலையா உனக்கு? இந்த ஊட்டுல அடுப்பே மூட்டறதில்லைன்னு டீக்கடையில பேசறாங்க."

"குழம்புக்கு இல்லீங்க. நடக்கறதுக்குங்க" என்று உள்ளதைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்ப அடுத்த தடவை ரசமாக் கேளு. குழம்பு சலிச்சுப்போச்சு."

கட்டுச்சோற்று நாளில் பஸ் ஏறினோம். மடியில் புளிச்சோற்றுத் தூக்குப்போசி. பெரியநாயக்கன்பாளையம் வந்ததும் அதுவும் வந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க. எறங்கிக்கறேன்."

"எறங்கு. சோத்தை ஆரு கொண்டுபோறது?" என்றார் வீட்டுக்காரர்.

போசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து, "என்னுங்கம்மா, வாசம் தூக்குது?" என்றான்.

"டிக்கெட்டைக் குடுத்துப்போட்டு அக்கட்டால போ கண்ணு. சம்பந்தி ஊட்டுச் சோத்துல கண்ணு வெக்காத."

பஸ்ஸே சிரித்தது. நெடுநாள் கழித்து என் வாய் வெளியூரில் திறந்திருந்தது. காரமடை தாண்டும்போது நெஞ்சு அடங்கியிருந்தது.

மகள் வாசலில் நின்று எனக்குப் பின்னால் ஆட்டோவைத் தேடினாள். "பஸ்லயா வந்த?"

"பின்ன, பறந்தா வந்தேன்?"

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு போசியை வேண்டுமென்றே சம்பந்தி வீட்டிலேயே விட்டுவந்தேன். அதை எடுக்க நான் மறுபடி வந்துதானே ஆக வேண்டும்? பயம் முழுக்கப் போய்விடவில்லை. இன்றைக்கும் கேட்டைத் திறந்தால் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணு, அதை வெச்சுப்போட்டு நான் எழுதினதை வாசிச்சுக் காட்டு. குழம்பு கேட்ட எடம் வந்தா மட்டும் மெதுவாப் படி, பக்கத்து ஊட்டுல காது குடுப்பாங்க.